மூன்றாம் ஓலைக்கு முன்

பம்பாய்க்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஓர் ஆளைப் பார்க்கப் போனேன். போன இடத்தில் ஊரையும் பார்த்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

ஆளின் பெயர் அருமைநாயகம். டிராம்பே பக்கம் ஓர் எண்ணெய் ஆலையில் கான்ட்ராக்டரிடம் ஃபிட்டர் வேலை, குடியிருப்பது தாராவியில். என் தங்கை கிருபைக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. எங்கள் திருச்சபை வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப் போகிறது, தடை சொல்ல யாருக்காவது காரணம் தெரியுமானால் சொல்லுங்கள் என்று ஆராதனை நடுவே சபையாரைக் கேட்பார்கள். பெண்ணின் ஊர்க் கோயிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளையின் ஊர்க் கோயிலிலும் வாசிப்பார்கள். ஓரிடத்தில் நின்றால் இரண்டிடத்திலும் நின்ற மாதிரிதான்.

முதல் ஓலை வாசித்த மூன்றாம் நாள் பெயர் போடாத கடிதம் ஒன்று வந்தது. மேலே பம்பாய் முத்திரை. ‘மாப்பிள்ளை செம்பூர் முருகன் கோயிலுக்குப் போகிறவர். விசாரித்துக்கொள்ளவும்.’ அவ்வளவுதான் விஷயம்.

அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் நான். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். விசாரிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. நான்கு வருஷத்துக்கு முன் கிருபைக்கு வந்த ஒரு வரனை, கோயிலுக்குப் பின்புறம் நின்று பீடி குடித்தான் என்று கண்டுபிடித்துத் தட்டிக் கழித்தவன் நான்தான். அந்தப் பையன் பீடியை விட்டுவிட்டு, வேறிடத்தில் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு ஞாயிறு தவறாமல் எங்களுக்கு முன் வரிசையில் உட்காருகிறான். கிருபைக்கு இப்போது இருபத்தெட்டு நடக்கிறது. கடிதத்தை அவளிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். “நீ போய்ப் பார்த்துட்டு என்ன சொல்லுதியோ அதுதான் அண்ணன்” என்றாள். இதைவிட அவள் அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் லீவு சொன்னேன். வழியில் இரண்டாம் ஓலை ஞாயிறும் கழிந்தது. திங்கட்கிழமை காலை தாதரில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வேண்டாமென்றால் சனிக்கிழமைக்குள் ஊருக்குத் தந்தி அடிக்க வேண்டும்.

அருமைநாயகமே ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். நல்ல உயரம், கறுத்த உறுதியான கை, தலையில் துணித் தொப்பி. என் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, “வாங்க சார்வாள், பாத்து வாங்க, இங்க ஒருத்தனும் வழி விட மாட்டான்” என்று முன்னால் நடந்தார். அது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் ஊர்த் திருவிழாக் கூட்டம் ஒரே திசையில் போகும். இங்கே ஆளுக்கொரு திசை.

தாராவியில் உபதேசியார் வீட்டில் தங்க ஏற்பாடு. தமிழ்ச் சபையின் ஆராதனையை நடத்துகிறவர் அவர்; குருவானவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீடு என்றால் ஒரே அறை. ‘கோலி’ என்கிறார்கள். அதற்குள் கட்டில், அடுப்பு, ஹார்மோனியப் பெட்டி, உபதேசியார், அவர் மனைவி, இப்போது நானும். தோல் ஊறவைக்கும் தொட்டிகளின் வாடை முதல் அரைமணி நேரம் மூக்கைப் பிடிக்க வைத்தது. பிறகு வாடை இருந்தது, மூக்கு பழகிவிட்டது. குழாயடியில் திருநெல்வேலித் தமிழில் சண்டை நடந்துகொண்டிருந்தது. நடுநடுவே இந்தி வசவு வந்து விழுந்தது. இந்தியில் திட்டினால் கோபம் சீக்கிரம் ஆறிவிடுமாம், உபதேசியார் மனைவி சொன்னார்.

சாப்பாடு வைத்தார்கள். ரேஷன் அரிசிச் சோறு கொஞ்சம், அது போதாததற்குச் சப்பாத்தி. “ஜெபம் பண்ணுவோம்” என்றார் உபதேசியார். ஜெபத்துக்குத் தலையில் எதுவும் இருக்கக் கூடாது அல்லவா. அருமைநாயகம் தொப்பியைக் கழற்றினார்.

மொட்டை. பத்துப் பதினைந்து நாள் ஆன மொட்டை. பச்சை நிறம் போய், மயிர் குத்திட்டு முளைக்க ஆரம்பித்திருந்தது.

அன்றைய ஜெபத்தில் உபதேசியார் என்ன கேட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமென் சொன்னதும் அருமைநாயகம், “சார்வாள், இதப் பத்தி ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார். “இருக்கட்டும் தம்பி, சாப்பிடும். பிறகு பேசிக்கலாம்” என்று தடுத்துவிட்டேன். குற்றவாளி தானாகச் சொல்வதில் விசாரிக்கிறவனுக்கு என்ன பெருமை இருக்கிறது? நானாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஆள் எப்படிப்பட்டவர் என்று அக்கம்பக்கத்தில் கேட்டேன். அருமைநாயகம் இருக்கும் கோலியில் ஆறு பேர். பகல் டியூட்டி மூன்று பேர், ராத்திரி டியூட்டி மூன்று பேர். மூன்று பாயில் மாற்றி மாற்றிப் படுக்கிறார்கள். ஐந்து பேர் முருகன் பக்தர்கள், இவர் ஒருவர் வேதக்காரர். சுவரில் ஒரு பக்கம் வேலும் மயிலும் போட்ட காலண்டர், எதிர்ப் பக்கம் பைபிள் வசனம் போட்ட காலண்டர். “சண்டை வராதா?” என்று அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். “வரும். பாய் யாரு மடக்கன்னு வரும்” என்றார்.

புதன்கிழமை செம்பூருக்குக் கிளம்பினேன். சயானில் ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷன் குர்லாவில் இறங்கி, வேறு வண்டி மாற வேண்டும். குர்லா வந்தது. எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் இறங்கட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றேன். அதற்குள் ஏறுகிறவர்கள் ஏறிவிட்டார்கள். ஏறினார்கள் என்ன, என்னையும் சேர்த்து எதிர்க் கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். காட்கோபரிலும் அதே கதை. “எஸ்க்யூஸ் மீ” என்று நான் சொன்னதை அந்த வண்டியில் யாரும் ஒரு மொழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

“எங்கே எறங்கணும்?” என்று ஒரு தமிழ்க் குரல் கேட்டது. ஜன்னலோரம் கதர்ச் சட்டை போட்ட பெரியவர். குர்லா என்றேன்.

“அது போயாச்சே! இனிமே நடுவிலே எறங்கிக் கஷ்டப்படாதீங்கோ. தாணே வரைக்கும் வந்துடுங்கோ. நேக்கு அங்கே தமிழ்ச் சங்கத்திலே ஒரு பத்து நிமிஷ வேலை. முடிச்சுட்டு ரெண்டு பேருமாத் திரும்பிடலாம்” என்றார்.

பாலக்காட்டுக்காரர். பெயர் விசுவநாத ஐயர். ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர், மாதுங்காவில் முப்பது வருஷமாக வாசம். செம்பூரில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அங்கே முருகன் கோயில் ஒன்று இருக்கிறதாமே என்று நைசாக ஆரம்பித்தேன்.

“கோயில்னா பெரிசா ஒண்ணுமில்லை. கொட்டகைதான். கிருத்திகைக்குக் கிருத்திகை நான்தான் அங்கே அர்ச்சனைக்குப் பேர் எழுதறேன்” என்றார்.

என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். குர்லாவில் சரியாக இறங்கியிருந்தால் இவரை எங்கே பிடிப்பது? தாணேயில் அவர் வேலை முடியும்வரை காத்திருந்தேன். பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரமாயிற்று. திரும்பும் வண்டியில் மெல்லக் கேட்டேன், வேதக்காரர்கள் யாராவது அங்கே வந்து மொட்டை போட்டுக்கொள்வது உண்டா என்று.

ஐயர் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி என்னைப் பார்த்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்? போன கிருத்திகைக்கு ஒருத்தன் வந்தானே! பேர், நட்சத்திரம் கேட்டேன். பேர் சுடலைமுத்துன்னான். நட்சத்திரம் தெரியாதுன்னான். அப்புறம் அவனே சொல்றான், ‘சாமி, அது என் சிநேகிதன் பேரு. நான் வேதக்காரன். அவன் சாரத்திலேருந்து விழுந்து ஆஸ்பத்திரியிலே கிடக்கான். பிழைச்சா அவனுக்கு முடி எடுக்கறேன்னு அம்மா ஊர்லே வேண்டிண்டா. அவன் தலை பூராத் தையல், காலிலே மாவுக்கட்டு. வேண்டுதல் பாக்கி நிக்கறதனாலேதான் கால் கூடலைன்னு அந்தம்மா காயிதம் மேலே காயிதம் போடறா. அவன் அதையே நினைச்சு நினைச்சுச் சோறு தின்ன மாட்டேங்கறான். என் முடியை எடுத்துக்குவீங்களா?’ன்னு கேக்கறான்.”

“எடுத்துக்கொண்டீர்களா?”

“அர்ச்சகர் என் மூஞ்சியைப் பார்த்தார். நான் என்ன சாஸ்திரத்தைக் கண்டேன்? எடுக்கட்டும்னேன். சந்நிதிக்குள்ளே அவன் வரலை, கேட்டேளா. வெளியிலேயே நின்னான். கையும் கூப்பலை. விபூதி குடுத்தேன். வாங்கிண்டான், நெத்தியிலே இட்டுக்கலை. காகிதத்திலே மடிச்சுச் சட்டைப் பையிலே வெச்சுண்டான். ‘அவனுக்குக் கொண்டு போறேன்’னான்.”

செம்பூருக்கு நான் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஆனாலும் ஐயர் விடவில்லை, கூட்டிப் போய்க் காட்டினார். தகரக் கொட்டகை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வேல் ஒன்று, வாசலில் செருப்பு விட ஒரு பலகை. அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பார்த்தேன். இங்கேதான் அருமைநாயகம் நின்றிருப்பார் என்று நினைத்தேன். திரும்பும் வழியில் ஐயர் மாதுங்காவில் தம் வீட்டுக்கு அழைத்துக் காப்பி கொடுத்தார். பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தார்கள். நான் வேதக்காரன் என்று சொன்னதும், ஐயரின் மனைவி டம்ளரை இன்னும் கொஞ்சம் நிறைத்தார். எதற்காக என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வியாழனும் வெள்ளியும் மனம் ஒரு நிலையில் இல்லை. செய்தது அன்பு என்று சொல்லலாம். விக்கிரகத்துக்கு முன் செய்த காரியம் என்றும் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதுதான் பாவம், இதுதான் புண்ணியம் என்று பலகையில் கோடு போட்டுச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். இந்தக் காரியத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. குழப்பத்துக்கு மருந்தாக ஊர் சுற்றினேன். மாடி பஸ்ஸில் மேல்தட்டில் முன் சீட்டைப் பிடித்து உட்கார்ந்தேன். பாவ் ரொட்டியை டீயில் முக்கித் தின்றேன். டிராம்பே பஸ்ஸில் ஏறி ஆலைப் புகைபோக்கிகளையும் பார்த்தேன். உச்சியில் பகலிலும் ஒரு தீ எரிந்துகொண்டே இருந்தது. அணைக்க மாட்டார்களா என்று கண்டக்டரைக் கேட்டேன். அவர் மராத்தியில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

சனிக்கிழமை அருமைநாயகம் அரை நாள் டியூட்டி முடித்து வந்தார். “இனியாவது நான் சொல்லுததக் கேளுங்க சார்வாள்” என்றார். சொன்னார். ஐயர் சொன்னதற்கு ஓர் எழுத்துக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு நாள் துப்பறிந்ததற்கு, திங்கட்கிழமைச் சாப்பாட்டிலேயே பேசவிட்டிருக்கலாம்.

“சாமி கும்பிட்டீரா?” என்று கேட்டேன்.

“இல்ல. ஆனா நின்னேன். அவன் அம்மைக்கு, முடி எறக்கியாச்சுன்னு காயிதம் போட்டேன். யாரு முடின்னு எழுதல. அதுதான் மனசுல கிடந்து உறுத்துது.”

அவரை உறுத்தியது அதுதானாம். என்னை உறுத்தியது வேறு. நாளைக்குச் சபையில் தொப்பியைக் கழற்றினால் எல்லார் கண்ணும் அந்தத் தலையில்தான் இருக்கும். போன இரண்டு ஞாயிறும் அவர் ராத்திரி டியூட்டி முடிந்து தாமதமாக வந்து, கடைசியில் வாசலோரமாக நின்றிருக்கிறார். நாளைக்கு நான் வந்திருப்பதால் முன் வரிசையில் உட்கார வேண்டும். கிருபை சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. இந்த வரனும் தட்டிப்போனால் அடுத்தது வராது. என் புத்தி அப்போது ஓடிய வேகத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“தம்பி, ஒண்ணு சொல்றேன். டைபாய்டு காய்ச்சல் வந்தது, அதனால முடி எடுத்தேன்னு சொல்லிரும். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நானும் ஆமான்னு சொல்லிருதேன்.”

அருமைநாயகம் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, பாவம், எனக்காகச் சங்கடப்பட்டுச் சிரித்தார். “சார்வாள், நீங்க சத்தியம் சொல்லுதேனான்னு பாக்கத்தான வந்திய?”

காது சுட்டது.

அவரே பேச்சை மாற்றினார். “நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில பார்வையாளர விடுவாவ. முத்துவப் பாக்கப் போறேன். பக்கத்துலதான், பஸ்ஸுல மூணு ஸ்டாப்பு. வாறியளா?”

கால் வீங்கியிருக்கிறது என்றேன். வீக்கமும் உண்மைதான். ஆனால் அதே காலோடு அரைமணி கழித்து மாதுங்காவுக்கு நடந்து போய், கிருபைக்கு ஒரு சேலை எடுத்துவிட்டு, இட்லி வடை சாப்பிட்டு வந்தேன். ஊருக்குத் தந்தி அடிக்கவில்லை. சேலை எடுத்தபோதே என் முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. சபை என்ன சொல்லும் என்பதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. தகரக் கூரை போட்ட நீள அறை, தரையில் ஜமுக்காளம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் ஊர்தான், அதே இழுத்துப் பாடும் ராகம், அதே முன்வரிசை இருமல். அருமைநாயகம் என் பக்கத்தில் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் கிசுகிசுவென்று சத்தம் வந்தது.

உபதேசியார் ஓலையை எடுத்தார். “மூன்றாம் தரம்” என்று வாசித்து, தடை இருந்தால் சொல்லலாம் என்று கேட்டார். வழக்கமாக இந்த இடத்தில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள். அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். பின்னாலிருந்து சபை மூப்பர் ஒருவர் எழுந்தார். “மாப்பிள்ளையோட தலைக்கு அவரே பதில் சொல்லட்டும்” என்றார். கடிதம் போட்டவர் இவராக இருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அருமைநாயகம் எழுந்தார். என்னிடம் சொன்னதை அப்படியே சபைக்கும் சொன்னார். டைபாய்டு வரவில்லை. விபூதியை மடித்துக் கொண்டுபோனதையும் மறைக்கவில்லை. “நான் செஞ்சது தப்புன்னா தண்டனை குடுங்க. நற்கருணை எடுக்கக் கூடாதுன்னாலும் சரி. ஆனா அவன் சோறு தின்னுட்டான். அதுக்காவ எனக்கு வருத்தமில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆளாளுக்குப் பேசினார்கள். நெருப்புச் சூளைக்குப் போனாலும் சிலையைப் பணியாதவர்கள் கதையை ஒருவர் எடுத்தார். கூரையைப் பிரித்து நோயாளியை இறக்கிய நாலு சிநேகிதர்கள் கதையை இன்னொருவர் எடுத்தார். உபதேசியார் கடைசியில் என் பக்கம் திரும்பினார். “பெண் வீட்டார் வந்திருக்காங்க. அவங்க சொல்லட்டும்.”

எழுந்தேன். “நேத்து நான் இவரைப் பொய் சொல்லச் சொன்னேன். இவர் மாட்டேன்னுட்டார். தடை சொல்லுறதா இருந்தா என்னைத்தான் சொல்லணும். என் தங்கச்சிக்கு இந்த மாப்பிள்ளை போதும்” என்றேன்.

நற்கருணை விஷயத்தைக் குருவானவர் வந்து தீர்மானிக்கட்டும், ஓலைக்குத் தடையில்லை என்று உபதேசியார் முடித்துவைத்தார். மூப்பர் வாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகம் மட்டும் தெளியவில்லை. திங்கட்கிழமை என் பெட்டியை அருமைநாயகம்தான் மறுபடி சுமந்து வந்து ரயிலில் வைத்தார். வண்டி நகர்ந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையை ஆட்டினார்.

ஊர் வந்து சேர்ந்த அன்றைக்கே கிருபையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குர்லாவில் இறங்கத் தெரியாமல் தாணே போனதைச் சொன்னபோது சிரித்தாள். மொட்டையைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. டைபாய்டு யோசனையையும் மறைக்காமல் சொன்னேன். நான் சபையில் எழுந்து பேசியதை ஒருமுறைக்கு இரண்டுமுறை சொன்னேன், குரலை ஏற்றி இறக்கி. அவள் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. நல்ல வார்த்தை ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

“அந்த சுடலைமுத்து அண்ணனுக்கு இப்ப கால் எப்படி இருக்கு?” என்று கேட்டாள். “எழுந்து நடக்காவளா?”

வாயைத் திறந்தேன். மாடி பஸ்ஸின் மேல்தட்டில் எத்தனை வரிசை சீட்டு என்று எனக்குத் தெரியும். விசுவநாத ஐயர் வீட்டு டம்ளர் எவ்வளவு உயரம் என்று தெரியும். ஆஸ்பத்திரி பஸ்ஸில் மூன்றே ஸ்டாப்பு. அந்த மனிதருக்கு எந்தக் கால் ஒடிந்தது என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

“நீ போய்ப் பாக்கலியா அண்ணன்?” என்றாள் கிருபை. குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“இல்லம்மா” என்றேன்.